வார்டில் ஓடும் ‘ரன்’

நாகர்கோவிலில் செவிலியர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது என் வேலை. பிரிட்டனில் வேலைக்குப் போக விரும்புகிறவர்கள் எழுதும் ஓ.இ.டி. தேர்வுக்கு அவர்களைத் தயார் செய்கிறேன். மருத்துவத் துறையினருக்கென்றே உருவான ஆங்கிலத் தேர்வு அது. பிரிட்டனின் செவிலியர் பதிவு மன்றம் 2017 முதல் அதை ஏற்றுக்கொள்கிறது. என்னிடம் வருகிறவர்கள் பலரும் வார்டில் பழுத்த அனுபவம் உள்ளவர்கள். ‘டயரியா’, ‘ஹைப்பர்டென்ஷன்’, ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விளக்கம் சொல்வார்கள். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள ஒரு சொல்தான் அவர்களைத் திணறடிக்கிறது: ‘ரன்’.

நோயாளிகள் பாடப்புத்தக ஆங்கிலம் பேசுவதில்லை. வயிற்றுப்போக்கு என்றால் இங்கிலாந்துக்காரர் ‘டயரியா’ என்று சொல்வதை விட, ‘ஐ’வ் காட் தி ரன்ஸ்’ என்று சொல்லவே வாய்ப்பு அதிகம். காய்ச்சல் அடிக்கும் குழந்தையின் தாய் ‘ஷீ இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்பாள். மாத்திரை தீர்ந்துபோனவர் ‘ஐ’வ் ரன் அவுட் ஆஃப் டேப்லெட்ஸ்’ என்பார். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இதயநோய் இருந்தது என்பதை ‘இட் ரன்ஸ் இன் தி ஃபேமிலி’ என்று முடித்துவிடுவார்கள். இந்த நான்கையும் பிடிக்கத் தெரியாத செவிலியருக்கு, மருத்துவக் கலைச்சொற்கள் ஆயிரம் தெரிந்திருந்தும் நோயாளி சொன்னதில் பாதி கைநழுவிப் போகும்.

ஓ.இ.டி.யின் பேச்சுத் தேர்வில் இரண்டு உரையாடல்களை நடித்துக் காட்ட வேண்டும். அட்டையில் உள்ள சூழ்நிலையைப் படித்துக்கொள்ளச் சற்று நேரம் தருவார்கள். பிறகு எதிரே இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ பேசுவார். எங்கள் வகுப்பில் நோயாளி வேடம் எனக்கு. ஒரு நாள் வயதான பாட்டியாக உட்கார்ந்துகொண்டு, ‘ஐ’வ் பீன் ஃபீலிங் ரன் டவுன், நர்ஸ்’ என்றேன். எதிரே இருந்தவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவர். சட்டென்று முன்னால் சாய்ந்தார். எந்த வண்டி இடித்தது, எப்போது, தலையில் அடிபட்டதா, மயக்கம் வந்ததா, வாந்தி எடுத்தீர்களா என்று வரிசை பிசகாமல் கேட்டார். கழுத்தை அசைக்க வேண்டாம் என்றார்.

நடிப்பை நிறுத்தி, “பாட்டிக்கு உடம்பு அசதியாக இருக்கிறதாம், சிஸ்டர். கொஞ்ச நாளாகத் தெம்பே இல்லை என்கிறார்” என்றேன்.

“அப்படியென்றால் வண்டி எதுவும் இடிக்கவில்லையா, டீச்சர்?”

அவருடைய ஊகத்தில் நியாயம் இருக்கிறது. ‘ரன் டவுன்’ என்றால் வண்டி இடித்துக் கீழே தள்ளுவது என்ற பொருளும் உண்டு. செய்தித்தாள்களில் அந்தப் பொருளில் வரும். வித்தியாசம் பக்கத்தில் நிற்கும் சொல்லில் இருக்கிறது. ‘ஃபீலிங்’ முன்னால் வந்தால் அசதி, ‘வாஸ்’ வந்து பின்னாலேயே காரோ லாரியோ வந்தால் விபத்து. பழைய சுவர்க்கடிகாரத்தில் எடைக்கல் கீழே இறங்க இறங்கத்தான் முள் ஓடும். கல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். அதைத்தான் ஆங்கிலத்தில் ‘ரன் டவுன்’ என்றார்கள். பேட்டரிக்கும் அதையே சொல்கிறார்கள், பாட்டிக்கும் அதையே சொல்கிறார்கள். இந்தக் கடிகாரக் கதையைச் சொன்ன பிறகு அந்த வகுப்பில் யாரும் அதை மறக்கவில்லை.

ஒரே சொல்லுக்கு இத்தனை வேலை எப்படி வந்தது என்று மாணவிகள் கேட்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. தானாக ஓடுவதற்கு ‘ரின்னன்’, ஓடச்செய்வதற்கு ‘ஏர்னன்’. நம் தன்வினை, பிறவினை போல. ஓடு, ஓட்டு என்கிறோமே, அதே உறவு. ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனில் இன்றும் ‘ரின்னன்’ என்றால் நீர் ஒழுகுவது, ‘ரென்னன்’ என்றால் மனிதன் ஓடுவது. ஆங்கிலத்தில் காலப்போக்கில் இவையெல்லாம் கலந்து ‘ரன்’ என்ற ஒரே சொல்லாகிவிட்டன. அதனால்தான் ஆற்றுக்கும் மூக்குக்கும் குதிரைக்கும் ஒரே வினை. அதனால்தான் குதிரை ஓடுவதும், ஒருவர் கடையை நடத்துவதும் ஒரே வினை. பிறகு நீராவி இயந்திரம் வந்தது, ரயில் வந்தது, மின்மோட்டார் வந்தது, கணினி வந்தது. நிற்காமல் இயங்கும் எதுவாக இருந்தாலும் ஆங்கிலம் அதற்கு இந்தச் சொல்லையே கொடுத்தது.

இந்தக் கலப்பு நமக்கு முற்றிலும் அந்நியம் என்று சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘அவர் கார் ஓடுவார்’ என்றால் அவருக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று பொருள். வயிற்றுப்போக்கை இலங்கைத் தமிழர்கள் வயிற்றோட்டம் என்றே சொல்கிறார்கள். ‘தி ரன்ஸ்’ என்பதை அவர்களுக்கு நான் விளக்கவே தேவையிருக்காது. பரிசோதனை ஓட்டத்துக்கு நம்மிடம் வெள்ளோட்டம் இருக்கிறது. படம் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, ரத்தம் ஓடுகிறது. இவை எல்லாம் எங்கள் வகுப்பில் இலவசமாகக் கிடைப்பவை. சிரமம் மற்ற இடங்களில்தான். நாம் மூக்கு ஒழுகுகிறது என்போம், காய்ச்சல் அடிக்கிறது என்போம், துணியில் சாயம் போகிறது என்போம், கடையை நடத்துகிறோம். ஆங்கிலத்தில் அத்தனையும் ஓடுகின்றன.

மூக்கைப் பற்றி ஒரு குறிப்பு. நம் ஊரில் டாக்டர்கள் உட்பட எல்லோரும் ‘ரன்னிங் நோஸ்’ என்கிறோம். அங்கே ‘ரன்னி நோஸ்’ என்பதுதான் வழக்கம். வாக்கியமாகச் சொன்னால் ‘மை நோஸ் இஸ் ரன்னிங்’. புரியாமல் போகாது. ஆனாலும் காது பழகிய வடிவத்தைச் சொல்லும்போது நோயாளி சற்று நிம்மதியாகப் பேசுகிறார். நான் இதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

இந்தச் சொல்லின் அளவை அகராதிக்காரர்கள் எண்ணியே பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பதிப்பு 1884-இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928-இல்தான் முடிந்தது. அதில் மிக நீண்ட பதிவு ‘செட்’. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் அந்தச் சொல்தான் முதலிடம், 430 பொருள்களுடன். மூன்றாம் பதிப்புக்காகப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கியதும் ‘மேக்’ அதை முந்தியது, பிறகு ‘புட்’ முந்தியது. 2011-இல் ‘ரன்’ வந்து எல்லாவற்றையும் தாண்டியது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள்! ‘செட்’ அப்போது இன்னும் திருத்தப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘ரன்’ என்ற அந்த ஒரு பதிவை உருவாக்க அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதங்களுக்கும் மேல் பிடித்தது. அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

645 என்று கேட்டதும் வகுப்பில் முகங்கள் வாடும். வார்டுக்கு அத்தனையும் வேண்டாம். அங்கே அடிக்கடி காதில் விழுபவற்றை ஒரு கரும்பலகையில் எழுதிவிடலாம். ‘ரன் சம் டெஸ்ட்ஸ்’ என்றால் சில பரிசோதனைகள் செய்வது. ‘ரன் இட் பை தி டாக்டர்’ என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது. ‘ரன் த்ரூ’ என்றால் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை சொல்லிப் பார்ப்பது. ‘தி டாக்டர் இஸ் ரன்னிங் ஃபார்ட்டி மினிட்ஸ் லேட்’ என்றால் டாக்டர் நாற்பது நிமிடம் தாமதம். முதியோர் இல்லத்தில் ‘ரன் மீ எ பாத்’ என்று கேட்டால் தொட்டியில் வெந்நீர் நிரப்பித் தர வேண்டும்.

இவற்றுள் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது ‘ஓவர்’ சேரும்போது. லாரி ஒருவர் மேல் ஏறினால் ‘ரன் ஓவர்’. கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிப் போனாலும் ‘ரன் ஓவர்’. பணிமாற்றத்தின்போது இரவுச் செவிலியர் ‘ரன் திஸ் ஓவர் எய்ட் அவர்ஸ்’ என்றால் அது வேறு. சலைன் பாட்டிலை எட்டு மணி நேரத்துக்குப் பரப்பி ஏற்ற வேண்டும் என்று பொருள். 1,000 மில்லி பாட்டில் என்றால் மணிக்கு 125 மில்லி. இங்கே ‘ஓவர்’ மணிக்கணக்கோடு ஒட்டிக்கொண்டது, ‘ரன்’னோடு ஒட்டவில்லை. வாக்கியத்தை எங்கே பிரிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது. மருந்தின் அளவும் வேகமும் இந்தப் பிரிப்பை நம்பியிருப்பதால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள நான் யாரையும் விடுவதில்லை. நம் ஊரில் நோயாளியின் வீட்டார் ‘குளுக்கோஸ் ஏறுகிறது’ என்பார்கள். அங்கே அதே நீர் ஓடுகிறது.

‘ரன் அவுட்’ எல்லோருக்கும் தெரியும், கிரிக்கெட் புண்ணியத்தில். ஆனால் மாத்திரை விஷயத்தில் எழுவாய் யார் என்று பார்க்க வேண்டும். தமிழில் மாத்திரைதான் தீரும். ஆங்கிலத்தில் மாத்திரையும் ‘ரன் அவுட்’ ஆகலாம், மாத்திரை சாப்பிடுகிறவரும் ஆகலாம். ‘வென் டிட் யூ ரன் அவுட்?’ என்ற கேள்வி நோயாளி எப்போது வெளியே ஓடினார் என்பதைக் கேட்கவில்லை; எத்தனை நாளாக மருந்தில்லாமல் இருக்கிறார் என்பதைக் கேட்கிறது. ரத்த அழுத்த நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று அது.

வார்டுக்கு வெளியே உள்ளவற்றை நான் வேகமாகக் கடந்துவிடுவேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனம் வராது. அமெரிக்காவில் வேட்பாளர்கள் தேர்தலுக்கு ஓடுகிறார்கள். பிரிட்டனில் நிற்கிறார்கள், நம்மைப் போலவே. தேர்தல் சமயத்தில் போய் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும்.

மனப்பாடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ‘ரன்’ என்று காதில் விழுந்தால், பொருளைத் தேடும் முன் எது ஓடுகிறது என்பதையும் பின்னால் என்ன சொல் ஒட்டியிருக்கிறது என்பதையும் நோட்டில் எழுத வேண்டும். மூக்கு, வெந்நீர், வம்சம், டாக்டர், சலைன் என்று பட்டியல் வளரும். சில வாரங்களில் அவர்களே பொருளை ஊகித்துவிடுகிறார்கள். பாட்டியிடம் வண்டியைப் பற்றிக் கேட்ட சிஸ்டரின் நோட்டுதான் இப்போது வகுப்பிலேயே நீளமானது. அவருக்குத் தேர்வு அடுத்த மாதம். அதற்குள் ‘டேக்’கையும் ‘கம்’மையும் இதே முறையில் முடித்துவிட வேண்டும், ‘ஐ’ம் கமிங் டவுன் வித் சம்திங்’ என்று, ஏதோ நோய் வரப்போவது போல் இருக்கிறது என்ற பொருளில், நாளைக்கு ஒரு தாத்தா வேடம் போடப்போகிறேன்.