மொட்டை அடீனியமும் மீன் குழம்புச் சட்டியும்

2023 செப்டம்பரில் எங்கள் தெருவுக்கு வரும் செடி வண்டியில் ஓர் அடீனியம் வாங்கினேன். 450 சொல்லி 300க்குக் கொடுத்தார். அடுக்குப் பூ, நல்ல ரோஸ் நிறம். எனக்குப் பூதான் கண்ணில் பட்டது. வண்டிக்காரரோ அடியில் உருண்டு திரண்டிருந்த தண்டைத் தட்டிக் காட்டி, "இதுக்குத்தாம்மா விலையே" என்றார். தண்டும் வேரும் சேரும் இடத்தில் உப்பி, தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் அந்தப் பகுதிக்குக் காடெக்ஸ் என்று பெயர் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான்.

ஐப்பசி முழுக்கச் செடி நன்றாகவே இருந்தது. கார்த்திகை பிறந்ததும் இலைகள் மஞ்சளாகி விழ ஆரம்பித்தன. முதலில் நாளுக்கு இரண்டு மூன்று, அப்புறம் தொட்டால் பத்து. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: தண்ணீர் ஊற்றினேன். இன்னும் விழுந்தது, இன்னும் ஊற்றினேன். பசியோ என்னவோ என்று இரண்டு கை மண்புழு உரமும் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து மிக்ஜாம் புயல். டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையில் கொட்டிய மழையை மறக்க முடியாது. வாசலில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, போன் இல்லை. மாடித் தொட்டிகளை யார் நினைத்தார்கள்? மழை விட்டு இரண்டு நாள் கழித்து மேலே போனால், அடீனியம் ஓர் இலைகூட இல்லாமல் சேற்றுக்குள் நின்றுகொண்டிருந்தது. அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். ஒரு பக்கம் கல்லு மாதிரி இருந்தது. மறுபக்கம் கனிந்த சப்போட்டா மாதிரி விரல் உள்ளே போய்விட்டது.

அம்மா பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான். "ஏண்டி, சேனைக்கிழங்க மூலையில போட்டு வெக்கிறோமே, அதுக்குத் தண்ணியா ஊத்தறோம்? அது பாட்டுக்குக் கிடந்துட்டு, முளைக்கிற காலம் வந்தா முளைக்குதா இல்லையா?"

படித்துத் தெரிந்துகொண்டதும் ஏறக்குறைய அதுதான். அடீனியத்தின் ஊர் சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட ஆப்பிரிக்காவும் அரேபியாவும். பெயரே ஏமனில் உள்ள ஏடன் ஊரிலிருந்து வந்தது. அங்கே மழை இல்லாத மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டு, காடெக்ஸில் சேர்த்ததை வைத்துக்கொண்டு தூங்கும். மழை வந்தால் விழிக்கும். நம் சென்னையில் கணக்கு தலைகீழ். வெயில் குறைந்து, பகல் சுருங்கி, இரவு கொஞ்சம் குளிர்ந்து, செடி தூங்கப் போகும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கிறது. இலை இல்லாவிட்டால் வேர் தண்ணீரை அதிகம் இழுக்காது. ஊற்றியது தொட்டியிலேயே நிற்கும், மண்ணுக்குள் காற்று போக வழியில்லை, வேர் அழுகும். இலை உதிர்ந்ததால் என் செடி சாகக் கிடக்கவில்லை. உதிர்ந்த பிறகு நான் ஊற்றியது பாதி, வானம் ஊற்றியது மீதி.

சரி, அறுவை சிகிச்சை. கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருந்த சானிடைசரால் கத்தியைத் துடைத்தேன். செடியைப் பிடுங்கி, மண்ணை அலசிவிட்டு, மெத்தென்று இருந்த பக்கத்தை வெட்டினேன். முதலில் பழுப்புக் கூழ், அப்புறம் தேன் நிறம், கடைசியில் முள்ளங்கியை நறுக்கினாற்போல் சுத்த வெள்ளை. அந்த வெள்ளை வரும்வரை நிறுத்தக் கூடாது. ஒரு பழுப்புப் புள்ளி மிஞ்சினாலும் அழுகல் அங்கிருந்து மறுபடி கிளம்பும். முடித்தபோது பெரிய எலுமிச்சம்பழம் உட்காரும் அளவுக்குப் பள்ளம். கையுறை கட்டாயம். அடீனியம் அரளிக் குடும்பம், அதன் சாற்றில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவுவார்களாம். நான் பாத்திரம் கழுவும் கையுறையைப் போட்டுக்கொண்டேன், அதை அப்புறம் சமையலறைக்குத் திருப்பவில்லை.

வெட்டின இடத்தில் நான் பூஞ்சைக்கொல்லிப் பவுடர் தடவினேன். நான் அந்தப் பக்கம் போனதும் அம்மா மஞ்சள் தூள் தூவிவிட்டாள். எது வேலை செய்தது என்று இன்றுவரை வீட்டில் வழக்கு நடக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டும் இல்லை, நன்றாகக் காயவிட்டதுதான். மண்ணே இல்லாமல் செய்தித்தாள் விரித்து, காற்றாடும் அலமாரித் தட்டில் செடியைப் படுக்க வைத்தேன். பத்து வாரம் அப்படியே கிடந்தது. தாய்லாந்திலிருந்து அடீனியத்தை வெறும் வேரோடு பொட்டலம் கட்டித்தான் வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள் என்று படித்திருக்காவிட்டால் அந்தத் தைரியம் வந்திருக்காது. பள்ளத்தில் தோல் கட்டி, தேங்காய் ஓடு மாதிரி இறுகியது. காடெக்ஸ் வற்றிச் சுருங்கியது. "இதுக்குப் பால் ஊத்திடலாமா?" என்று வீட்டுக்காரர் வாரத்துக்கு ஒருமுறை கேட்பார்.

பிப்ரவரி நடுவில், மாசி பிறந்த வாரம், கிளை நுனியில் கடுகளவு பச்சை தெரிந்தது. தொட்டி மாற்ற அதுதான் நேரம். தூக்கத்தில் மாற்றினால் வெட்டுப்பட்ட வேர் ஆறாமல் ஈரத்தில் கிடக்கும். விழிக்கும்போது மாற்றினால் வெயிலும் வளர்ச்சியும் கூட நிற்கும்.

மண் கலவைக்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன். நர்சரி மண் களிமண்ணும் தென்னைநார்க் கழிவுமாக இருந்தது; நனைந்தால் ஒரு வாரம் காயாது. ஆற்று மணல் விற்கிற விலைக்கு அது கட்டுப்படியாகாது என்று எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) எடுத்து, ரவை சலிக்கும் சல்லடையில் சலித்து, அடியில் விழுந்த தூசியைத் தள்ளிவிட்டு மேலே நின்ற குருணையை மட்டும் வைத்துக்கொண்டேன். தூசி இருந்தால் அதுவே சிமெண்ட் மாதிரி இறுகும். குருணை இரண்டு பங்கு, சுண்டைக்காய் அளவுக்கு உடைத்த செங்கல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கொஞ்சம் அடுப்புக்கரி. கையில் அள்ளி நனைத்துப் பிடித்தால் உருண்டை நிற்கக் கூடாது, உதிர வேண்டும்.

அடீனியத்துக்கு ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். அம்மாவின் பழைய மீன் குழம்புச் சட்டி விளிம்பு உடைந்து கிடந்தது. ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, கவிழ்த்துப் போட்டு, டிரில்லால் மெதுவாக நான்கு ஓட்டை. ஊறாத சட்டியில் போட்டால் விரிசல் விடும். அதற்கு முன்னால் ஒரு அகல் சட்டியைப் பலி கொடுத்துத்தான் கற்றேன். நேராகக் கீழே இறங்கிய ஆணிவேரை நறுக்கி, பக்கத்தில் போகும் தடித்த வேர்களை விட்டுவிட்டேன். வெட்டுக்காயம் காய நான்கு நாள். அப்புறம் வேருக்கு அடியில் ஒரு பழைய சிடியை வைத்தேன். கீழே போக வழியில்லாமல் வேர் பக்கவாட்டில் படர்ந்து தடிக்கும். முன்பு மண்ணுக்குள் இருந்த மேல்வேரை ஓர் அங்குலம் வெளியே தெரிய விட்டு நட்டேன். இப்படி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூக்கி நட்டால்தான் அந்தத் தொப்பை வடிவம் வெளியே வரும்.

நட்டதும் தண்ணீர் ஊற்றவில்லை. கை அரித்தது, அம்மாவே "கொஞ்சம் தெளிச்சா என்ன?" என்றாள். எட்டு நாள் கழித்துத்தான் முதல் சொம்பு. ஏப்ரலில் முழு இலை. மே மாதக் கத்திரி வெயிலில், மாடியில் கால் வைக்க முடியாத தரையில், ஒன்பது பூ.

ஜூலையில் ஒரே ராத்திரியில் பாதி இலை காணாமல் போனது. மறுபடி தூக்கமோ என்று பார்த்தால், விரல் தடிமனுக்கு ஒரு பச்சைப் புழு, கழுத்துக்கிட்ட நீலக் கண் மாதிரி இரண்டு புள்ளி. அரளி, நந்தியாவட்டை தின்னும் அதே அந்துப்பூச்சிப் புழு. எடுத்து எதிர் காலி மனையில் விட்டேன்.

2024 மழைக்காலத்துக்கு நான் தயாராக இருந்தேன். அக்டோபர் கடைசியிலேயே சட்டியைக் கூரை உள்ள பால்கனிக்கு மாற்றியாயிற்று. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது அது சன்னலோரம் நனையாமல் மொட்டையாக நின்றது. எங்கள் ஊர்க் குளிர் பெரிய குளிர் இல்லை என்பதால் முழு மொட்டையும் கட்டாயமில்லை. மேல்வீட்டு அக்காவின் செடி பாதி இலையோடே தை வரை ஓட்டியது. தூங்கும் மாதங்களில் மூன்று வாரத்துக்கு ஒரு டம்ளர், அதுவும் விரல் வைத்துப் பார்த்த பிறகு. தாகத்தில் சுருங்கினால் காடெக்ஸ் சுற்றிலும் ஒரே மாதிரி லேசாக அமுங்கும், தோல் வறண்டு சுருக்கம் விழும். அழுகினால் ஓர் இடம் மட்டும் கொழகொழக்கும், தோல் தனியாக வழுக்கும். முதலாவதுக்குத் தண்ணீர், இரண்டாவதுக்குக் கத்தி.

இந்த நாட்காட்டி எல்லா காடெக்ஸ் செடிக்கும் பொருந்தாது. தென்னாப்பிரிக்காவின் யானைக்கால் செடி, நம் வள்ளிக்கிழங்கு (சர்க்கரைவள்ளி இல்லை) இனம்தான், குளிர்காலத்தில் கொடி விட்டு கோடையில் தூங்கும். அடீனியத்தைப் பார்த்துப் பழகிய கையால் அதற்கு மே மாதம் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது.

என் செடியில் அந்தப் பழைய பள்ளம் இன்னும் இருக்கிறது. மூடவில்லை, ஓரம் மட்டும் உதடு மாதிரி தடித்திருக்கிறது. தண்ணீர் விடும்போது அதில் தேங்கினால் துணி முனையால் ஒற்றி எடுத்துவிடுவேன். வேர் சட்டி விளிம்பைத் தொட்டுவிட்டது, வரும் மாசியில் அடுத்த சட்டி வேண்டும். அம்மாவிடம் புளிக்குழம்புச் சட்டி ஒன்று உடையாமல் நன்றாகவே இருக்கிறது. இன்னும் கேட்கவில்லை.