ஆண்டாள் கையில் ஒரு பச்சைக்கிளி

மதுரைப் பக்கமிருந்து வந்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தை எட்டும் முன்பே கோபுரம் தெரிந்துவிடும். பதினொரு நிலை. தமிழக அரசு முத்திரையில் நிற்பது எங்கள் கோபுரம்தான் என்று ஊர்க்காரர்கள் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். சாதிச் சான்றிதழிலும் பட்டாவிலும் பார்த்துப் பழகிய கோபுரத்தடியில் நின்று அண்ணாந்தபோது, கைகள் தாமாகக் குவிந்தன.

கோபுரம் வடபத்ரசாயி சந்நிதிக்கு உரியது. ஆலிலையில் பள்ளிகொண்ட பெருமாளைப் படியேறிச் சேவித்துவிட்டு நந்தவனத்துக்கு வந்தோம். பெரியாழ்வார் துளசிச் செடியடியில் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்த இடம் இது. பெரியாழ்வார், ஆண்டாள் என்று இரண்டு ஆழ்வார்கள் அவதரித்த மண் என்பதால், ஆழ்வார்கள் பாடிய 108 திவ்யதேசங்களில் இதற்குத் தனிப் பெருமை.

ஆண்டாள் சந்நிதியில் தாயாருடன் அவள் மணாளன் ரங்கமன்னார், பக்கத்திலேயே கருடாழ்வார். மற்ற கோயில்களில் எதிரே கைகூப்பி நிற்கும் கருடன், இங்கே தாயாரோடும் பெருமாளோடும் சரிசமமாக நிற்கிறார். என் கண் மட்டும் தாயாரின் இடக்கையை விட்டு அகலவில்லை. அங்கே கிளி!

மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் மூக்கு, காக்காப்பொன் என்னும் மினுங்கும் அபிரகத்தில் கண். அன்றாடம் புதிதாகக் கட்டுகிறார்கள். அரங்கனிடம் ஆண்டாள் தூதுவிட்ட கிளி என்பது ஐதிகம். கல்லில் ஒருமுறை செதுக்கி வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். வாடும் இலையில் செய்வதால்தான் தினமும் ஒருவர் உட்கார்ந்து அவளுக்காக இலை மடிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஊருக்கு அடையாளம் எது என்று என்னைக் கேட்டால், கோபுரத்துக்கு முன்னால் கிளியைத்தான் சொல்வேன். (2019ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவைச் சொல்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை; சந்நிதித் தெருவில் அந்த மணத்தைத் தாண்டி நடப்பது சிரமம்.)

தரிசனம் முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்திலிருந்த பாட்டி ஒருவர் ஆண்டாள் மாலையைப் பற்றிச் சொன்னார். "அவ சூடிக் களைஞ்சதுதான் மறுநாள் காலையில வடபத்ரசாயிக்கு. புரட்டாசியில திருப்பதிக்குப் போகும். சித்திரையில அழகர் வைகையில எறங்குறப்ப அவர் கழுத்துல கெடக்கறது யார் மாலைன்னு நெனச்சே? எங்க பொண்ணோடது" என்றார்.