கொடிமலை மழையின் கனம்

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் பசியாறிவிட்டுக் கொடிமலைக்கு ஏறினோம். 1923இல் ஓடத் தொடங்கிய கேபிள் ரயிலுக்கு இன்னும் மவுசு குறையவில்லை. வரிசை வாசல்வரை நின்றது. மேலே போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்துக்கொள்ள, முருகன் கோயிலில் ஒதுங்கினோம்.

பெரியப்பா கூரைத் தண்ணீரில் கையை நீட்டியபடி, "இதை வைத்து மலையின் உயரத்தைச் சொல்லலாமாமே, உண்மையா அம்மா?" என்றார். நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாது.

சொல்லலாம். நீரிலுள்ள ஆக்சிஜனில் பெரும்பகுதி ஆக்சிஜன்-16. ஆயிரத்தில் சுமார் இரண்டு அணுக்கள் மட்டும் கனமான ஆக்சிஜன்-18. இரண்டுமே கதிரியக்கம் இல்லாத, சிதையாத ஐசோடோப்புகள், அதாவது எடை மட்டும் வேறுபடும் ஒரே தனிமத்தின் வகைகள். மேகம் சரிவில் ஏறிக் குளிரும்போது கனமானது முந்திக்கொண்டு மழையாகிவிடும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையின் 513 படிகளில் உடம்பு பெருத்தவர்கள் முதலில் உட்கார்ந்துவிடுவதில்லையா, அப்படி. உயரம் 100 மீட்டர் கூடினால் ஆக்சிஜன்-18இன் விகிதம், அந்தச் சிறு விகிதத்திலேயே ஆயிரத்தில் 0.28 பங்கு, உலகச் சராசரியாகக் குறைகிறது.

இந்த மலையின் உச்சி 833 மீட்டர். கடற்கரை மழைக்கும் இதற்கும் ஆயிரத்துக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேல் வேறுபாடு வரவேண்டும். கருவிகள் 0.1 பங்கையே பிடித்துவிடும். ஆனால் பினாங்கு மழை நம்பத்தக்க சாட்சி அல்ல. வெப்பமண்டலத்தில் கொட்டித் தீர்க்கும் மழையில், மலையே இல்லாவிட்டாலும் ஆக்சிஜன்-18 குறைந்துவிடும். ஒரு போத்தல் போதாது. மாதக்கணக்கில் சேர்த்துச் சராசரி பார்க்கவேண்டும்.

பழங்கால மலைகளை அளக்கத்தான் இந்த முறை பெயர் பெற்றது. அன்றைய மழையின் விகிதம் ஏரியடிச் சுண்ணாம்பில் தங்கிவிடுகிறது. அதைப் படித்து, நடுத் திபெத் 3.5 கோடி ஆண்டுகளாகவே 4,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது என்று 2006இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிறகு அந்த ஏரி இருந்த அதே வடிநிலத்தில் சுமார் 2.5 கோடி ஆண்டு பழைய பனையினத்து ஓலைப் புதைபடிவம் கிடைத்தது. குளிர் தாங்காத மரம் அந்த உயரத்தில் எப்படி வளர்ந்திருக்கும்? அந்த இடம் 2,300 மீட்டரைத் தாண்டியிருக்காது என்று 2019இல் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள்.

"ஓலை பொய் சொல்லாது," என்று பெரியப்பா தீர்ப்பே வழங்கிவிட்டார்.

எனக்கும் ஓலைப் பக்கம்தான் சாய்வு. ஆனால் சுண்ணாம்பும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சுற்றியிருந்த சிகரங்களில் பெய்ததுதானே வழிந்து பள்ளத்து ஏரியில் சேர்ந்திருக்கும்? கொடிமலை அடிவாரத்து ஓடையில் மொண்டாலும் கையில் அகப்படுவது மேலே பெய்த மழைதான்.