20-க்கு மேலே நிறுத்திய பெருக்கல்

அமெரிக்காவில் வயதான கறுப்பினப் பெண்கள் ஆஸ்பத்திரியை ஏன் நம்ப மாட்டேன் என்கிறார்கள் என்றால், உடனே டஸ்கீகியைச் சொல்வார்கள்; கறுப்பின ஆண்களின் சிஃபிலிஸ் நோய்க்குச் சிகிச்சை தராமலே பார்த்துக்கொண்டிருந்த அரசு ஆய்வு அது. அந்த ஆய்வு 1972-ல் முடிந்தது. லேப் ரிப்போர்ட்டில் நடந்தது நேற்று வரைக்கும்.

கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, ரத்தத்திலுள்ள ஒரு கழிவு), வயது, பாலினம் வைத்துச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிடுவார்கள். 2009 சூத்திரத்தில், கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்க வேண்டும். 68 வயதுப் பெண், கிரியாட்டினின் 2.6 என்று போட்டுப் பாருங்கள். பெருக்காவிட்டால் 18, பெருக்கினால் 21. டயாலிசிஸ் தொடங்காதவருக்கு இந்த எண் 20-க்கோ அதற்குக் கீழோ இறங்கினால்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலமே ஓட ஆரம்பிக்கும். அதே ரத்தம், அதே சிறுநீரகம், வரிசையில் மட்டும் இடமில்லை!

2021-ல் இனத்தை விட்டுவிட்டுப் புதுச் சூத்திரம் வந்தது. இழந்த காலத்தைத் திருப்பித் தரச் சொல்லி 2023-ல் விதியும் வந்தது. ஆனால் அதற்குப் பழைய ஆதாரம் வேண்டும். பல பழைய ரிப்போர்ட்டுகளில் 'ஆப்பிரிக்க அமெரிக்கர்', 'மற்றவர்' என்று இரண்டு வரி இருக்கும். 'மற்றவர்' வரி முதலில் 20-ஐத் தொட்ட தேதியைத் தேடி எடுத்து, காத்திருப்பு தொடங்கிய தேதியைத் திருத்தியாகிவிட்டதா என்று மாற்றுச் சிகிச்சை மையத்தில் கேட்க வேண்டும். வாய்ப்பதிலை நம்பாமல் எழுத்தில் வாங்குவது நல்லது.