மே மாத மழைநீர்

பகுதி மக்கள் கவுன்சிலரிடம் குறைகளைச் சொல்லும் ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போட்ட நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலி. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று இது தொடங்கியபோது இருந்த ஆர்வம் எங்கள் வேளச்சேரியில் இப்போது இல்லை. தெருவிளக்கைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார்கள். அதற்குச் சென்னை மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குப் போன் போட்டுச் சொன்னால் போதாதா?

அப்புறம் எதிர்வீட்டு மாமி மைக்கை வாங்கினார். "மழையே இல்லாத மே மாசத்துல மழைநீர் வடிகால்ல தண்ணி எப்படிங்க ஓடுது?"

யாரோ கழிவுநீர்க் குழாயை அதில் திருப்பிவிட்டிருக்கிறார்கள், வேறென்ன! வடிகால் மாநகராட்சியுடையது, பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துடையது. இரண்டு தரப்பும் ஒன்றாக வந்து மூடியைத் திறந்து பார்த்தால்தான் குழாய் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

இரு பொறியாளர்களையும் சேர்த்தே வரச்சொல்வதாகக் கவுன்சிலர் நோட்டில் எழுதிக்கொண்டார். மாமி விடவில்லை, தேதியையும் எழுதச் சொன்னார்.