வெள்ளிக்கிழமையும் மிசோ சூப்பும்

ரங்கூனிலேயே வெளியில் சாப்பிட யோசிக்கிறவள் நான். தெரியாத கடை என்றால் என்ன எண்ணெய், எதில் கிண்டியது என்று கேட்காமல் உட்கார மாட்டேன். மாட்டிறைச்சி எப்போதும் கிடையாது, வெள்ளிக்கிழமை கவிச்சியே கிடையாது. போன மாதம் பத்து நாள் டோக்கியோவில் அண்ணன் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். அவள் இருப்பது தகதானோபாபாவில். பர்மாக்காரர்கள் நிறையப் பேர் இருப்பதால் அதற்குக் குட்டி ரங்கூன் என்றே பெயர். தேயிலை ஊறலில் கலக்கிற லபெத்தோ, மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸான மொகிங்கா எல்லாம் கிடைக்கும், மூன்று நாள் அதிலேயே ஓட்டினேன். "அத்தை, இதைச் சாப்பிடவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டாள். நியாயம்தான்.

நான்காம் நாள் வெள்ளி. ஒரு சின்னக் கடையில் சோறு, ஊறுகாய், டோஃபு, புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்த மிசோ சூப். 'நிகு' இருக்கா என்று அவளை விசாரிக்கச் சொன்னேன், நிகு என்றால் இறைச்சி. இல்லை என்றார்கள். இரண்டு வாய் குடித்ததும் ஒரு வாசம் பிடிபட்டது. ஊரிலிருந்து யாராவது மாசிக் கருவாடு கொண்டுவந்தால் பாட்டி தேங்காயோடு சேர்த்துச் சம்பல் இடிப்பார், அதே வாசம். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

விசாரித்தால், அது கட்சுவோபுஷி. சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டை மாதிரி ஆகும்வரை உலர்த்தி, மெல்லிசாகச் சீவிக்கொள்கிறார்கள். நம் மாசியும் சூரைதானே. அந்தச் சீவலை வெந்நீரில் போட்டு எடுக்கிற சாறுக்குத் தஷி என்று பெயர், பாதிச் சமையல் அதன் மேல்தான் நிற்கிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு நிகு என்றால் மீன் அதில் சேராது. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு விளக்கேற்றினேன்.

அதற்கப்புறம் போன இடமெல்லாம் ஒரே கேள்வி, தஷி எதில் எடுத்தது? மீன் வேண்டாம் என்றால் 'கொம்பு' என்கிற கடல்பாசி இருக்கிறது. புத்த மடங்களின் ஷோஜின் சமையலில் கொம்பும் காய்ந்த ஷிடாகே காளானும்தான் தஷிக்கு. அண்ணன் மகள் எடுத்துக் காட்டினாள்: தோல் வார் மாதிரி கரும்பச்சைப் பட்டை, மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும். பூஞ்சணம் என்று நினைத்துக் கழுவப் போனேன், தடுத்துவிட்டாள். ருசியே அதில்தானாம், ஈரத்துணியால் லேசாக ஒற்றினால் போதும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அடுப்பில் ஏற்றி, கொதி வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். இந்தக் கொம்பிலிருந்துதான் இகெதா கிகுனாயே என்ற விஞ்ஞானி 1908இல் குளுட்டமேட் ருசியைக் கண்டுபிடித்தார், அடுத்த வருஷமே அஜினோமோட்டோ விற்பனைக்கு வந்தது. நம் தெருக்கடைகளில் எல்லாவற்றிலும் தூவுகிறார்களே, அதுதான்.

நட்டோ என்கிற புளிக்கவைத்த சோயா பயறைப் பற்றி எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். டப்பியைத் திறந்து குச்சியால் கலக்கக் கலக்க நூல் நூலாக இழுத்தது. மூக்குக்கிட்டே கொண்டுபோனேன். அட, இது நம்ம பேபோ! பர்மாவில் ஷான்காரர்கள் சோயா பயறைப் புளிக்கவைத்து, அப்பளம் மாதிரி தட்டிக் காயவைத்துச் சந்தையில் விற்பார்களே, அதன் ஈரமான தங்கச்சி. சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு, சுடுசோற்றில் பிசைந்து முழுசாகச் சாப்பிட்டேன். மறுநாளும் கேட்டு வாங்கினேன். ஒரு விஷயம், கூட வரும் சாஸ் பொட்டலத்தில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும், வெள்ளிக்கிழமை அதைத் தள்ளிவைத்துவிட்டு சோயா சாஸ் ஊற்றிக்கொள்ளலாம்.

சோற்றின் மேல் பச்சை முட்டை உடைத்து ஊற்றிக்கொள்கிறார்கள், அதைத் தொடவில்லை. பச்சை மீனும் அப்படியே. அவள் வற்புறுத்தவும் இல்லை.

வரும்போது ஒரு கட்டு கொம்பு வாங்கி வந்தேன். போன வெள்ளி ஒரு துண்டை ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் ரசம் வைத்தேன். நன்றாகவே வந்தது. அடுத்த தடவை புளியைக் கொஞ்சம் குறைக்கணும்.