மோர்ஸ் கட்டாயம் தளர்ந்த பிறகு ஹாம் தேர்வுக்குப் படிப்பது எப்படி

பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்ளும் ஹாம் ரேடியோவுக்குத் தேர்வு எழுத நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "மோர்ஸ் (புள்ளி, கோடு ஓசைகளால் எழுத்துகளை அனுப்பும் தந்திக் குறியீடு) கட்டாயமா?" என்றுதான். நம் நாட்டில் உரிமத்துக்கு ரெஸ்டிரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலைகள். நான் எழுதியபோது இருந்த விதிப்படி ரெஸ்டிரிக்டட் நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை. ஜெனரல் நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் கேட்டு எழுதவும் வேண்டும், கீ என்ற தட்டும் கருவியில் அடித்து அனுப்பவும் வேண்டும். நான் முதலில் ரெஸ்டிரிக்டட் எழுதி வி.யு.3 என்று தொடங்கும் கால்சைன் (ஹாமின் அடையாள எழுத்துகள்) வாங்கினேன். அப்புறம் மோர்ஸ் கற்றுக்கொண்டு ஜெனரல் எழுதி வி.யு.2-வுக்கு மாறினேன். அந்த அனுபவத்தில் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: தேர்வு கேட்கும் வேகத்தில் மோர்ஸ் கற்கத் தொடங்காதீர்கள். அந்த வேகங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது விளங்கும்.

மோர்ஸ் நீண்ட காலம் ஹாம்களின் விருப்பத்துக்கு விடப்பட்ட விஷயமாக இருக்கவில்லை. கப்பல்களும் தந்தி நிலையங்களும் மோர்ஸில் பேசிக்கொண்ட காலம் அது. கடலில் ஆபத்து என்றால் 500 கிலோஹெர்ட்ஸில் மோர்ஸில்தான் உதவி கேட்பார்கள். இடையூறு செய்யும் ஹாமிடம் ஒரு அரசு நிலையம் "ஒலிபரப்பை நிறுத்து" என்று சொன்னால் அது அவருக்குப் புரிந்தாக வேண்டும். அதனால் மோர்ஸ் தெரியாதவருக்கு உரிமம் தரக்கூடாது என்பது சர்வதேச வானொலி விதியாகவே இருந்தது. உயர் அலைவரிசைகளில் கப்பல் போக்குவரத்துக்குத் தொந்தரவு இல்லை என்பதால் அங்கே படிப்படியாக விலக்கு கிடைத்தது. 1959-இல் 144 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், 1979-இல் 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். 1999 பிப்ரவரி 1-இல் கப்பல்கள் முழுமையாகச் செயற்கைக்கோள் சார்ந்த புதிய பாதுகாப்பு முறைக்கு மாறின. அதோடு பழைய காரணம் பெருமளவு தீர்ந்துபோனது. 2003-இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாடு, மோர்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த நாட்டின் முடிவுக்கு விட்டது. பிரிட்டன் அந்த ஜூலையிலேயே கைவிட்டது. அமெரிக்கா 2007 பிப்ரவரி 23-இல்தான் முழுக்க நீக்கியது. கனடா செய்தது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு: எழுத்துத் தேர்வில் 80 சதவீதம் எடுத்தாலும் சரி, மோர்ஸில் தேறினாலும் சரி, சிற்றலைகளுக்கு அனுமதி உண்டு.

நம் நாட்டில் 1978-ஆம் ஆண்டு விதிகளின்படி கிரேடு ஒன்றுக்கு 12 சொல், கிரேடு இரண்டுக்கு 5 சொல். பிறகு வந்த திருத்தத்தில் ஜெனரல், ரெஸ்டிரிக்டட் என்று சுருக்கி, ஜெனரலுக்கு 8 சொல் என்று வைத்தார்கள்.

இந்த 5, 12 என்ற படிகளில்தான் சிக்கல். அமெரிக்காவிலும் 1951 முதல் நோவிஸுக்கு 5, ஜெனரலுக்கு 13, எக்ஸ்ட்ராவுக்கு 20 என்று படிகள் இருந்தன. 5 சொல் வேகத்தில் தேறியவர்களில் ஏராளமானோர் 10-ஐ நெருங்கும்போது அசையாமல் நின்றுவிட்டார்கள். காரணம் எளிது. 5 சொல் வேகத்தில் ஒரு புள்ளி ஏறக்குறைய கால் நொடி நீளும். அந்த அவகாசத்தில் மூளை புள்ளிகளையும் கோடுகளையும் எண்ணி, மனதில் இருக்கும் அட்டவணையில் தேடி, எழுத்தைக் கண்டுபிடித்துவிடும். வேகம் கூடியதும் எண்ண நேரம் இருக்காது. அதுவரை பழகிய முறையே முட்டுக்கட்டையாகிவிடும், முதலிலிருந்து கற்க வேண்டியதுதான். மூத்த ஹாம்கள் சிலர் இதைத் தங்கள் அனுபவமாகவே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் திறமையில் குறையில்லை. தேர்வு வைத்திருந்த படிகள் அவர்களை அந்த வழியில் கொண்டுபோய் விட்டன.

ஆகவே புள்ளி, கோடு போட்ட அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம். சுவரில் ஒட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். 1930-களில் ஜெர்மானிய உளவியலாளர் லுட்விக் கோக் வகுத்த முறையைப் பின்பற்றுங்கள். தொடக்கத்திலேயே ஒவ்வொரு எழுத்தையும் 18 அல்லது 20 சொல் வேகத்தில் கேட்க வேண்டும். முதலில் இரண்டே எழுத்துகள், பெரும்பாலும் கே, எம். அவற்றை 90 சதவீதம் சரியாக எழுத வந்ததும் மூன்றாவதைச் சேர்க்க வேண்டும். 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லிநொடிதான், எண்ணவே முடியாது. 'டா டி டா' (கோடு, புள்ளி, கோடு) என்ற ஓசை முழுசாகக் காதில் விழுந்து அப்படியே கே ஆக வேண்டும். ஒரு பாட்டின் முதல் சுரத்திலேயே பாட்டைக் கண்டுகொள்வது போல. எழுத்துகள் ஓடும் வேகம் பயமுறுத்தினால் எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை மட்டும் நீட்டிக்கொள்ளுங்கள். இதற்கு ஃபார்ன்ஸ்வர்த் முறை என்று பெயர். பெரும்பாலான பயிற்சிச் செயலிகளில் இந்த வசதி இருக்கிறது.

நான் பேருந்தில் போகும்போதும் சமையல் நடக்கும்போதும் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன், ஆனால் அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்க மாட்டேன். பேனாவும் தாளும் எடுத்து உட்கார்ந்து எழுதியதுதான் கணக்கு. ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் போதும், தினமும் இருக்க வேண்டும். எஸ், எச், 5 மூன்றும் வெறும் புள்ளிகள் என்பதால் குழப்பும். பி-யும் (B) 6-உம் அப்படித்தான், ஒரு புள்ளிதான் வித்தியாசம். இவற்றைத் தனியாக எடுத்து மாற்றி மாற்றிக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

எழுத்து ஒன்று தவறிவிட்டால் சிறு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். அது என்னவாக இருக்கும் என்று யோசித்த கணத்தில் இன்னும் மூன்று போய்விடும். சொல்லுக்கு 5 எழுத்து என்ற கணக்கில் 8 சொல் வேகம் ஐந்து நிமிடத்துக்கு 200 எழுத்துகள். இதில் ஒன்றிரண்டு விடுபடுவதால் மட்டும் தோற்றுவிட மாட்டீர்கள், ஆனால் பதற்றம் தொடர்ந்து தவறவிடச் செய்யும். இன்னொன்று: தேர்வில் எழுத்தே மெதுவாக, நீட்டி வரலாம். வேகமான எழுத்துக்குப் பழகிய காதுக்கு அது விசித்திரமாக இருக்கும். கடைசிச் சில வாரங்களில் நீட்டிய இடைவெளி இல்லாத உண்மையான 8 சொல் வேகத்தையும் கேட்டு வையுங்கள். அனுப்பும் பயிற்சியைக் கேட்கும் பயிற்சி நன்றாக ஏறிய பிறகே தொடங்குங்கள், காதில் தாளம் இருந்தால்தான் கையில் வரும். சாதாரண நேர் கீயில் விரலால் தட்டாமல் மணிக்கட்டை அசைத்து அடிக்க வேண்டும். முழங்கை மேசைமேல் ஊன்றியிருக்கட்டும்.

எழுத்துத் தேர்வு இரண்டு பகுதி: வானொலிக் கோட்பாடு, விதிமுறைகள். ஓம் விதி, ஒத்ததிர்வுச் சுற்று, சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவர், ஆன்டெனா ஆகியவற்றைப் படம் போட்டுப் புரிந்துகொண்டு படிப்பது நல்லது. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல் என்ற கம்பி ஆன்டெனா சுமார் 20 மீட்டர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், பின்னாளில் மொட்டை மாடியில் கம்பி கட்டும்போது அதே கணக்குதான். விதிமுறைப் பகுதியில் கியூ குறியீடுகள் (கியூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள்), ஏ1ஏ, ஜே3இ போன்ற ஒலிபரப்பு வகைகள், பேசக்கூடாத விஷயங்கள், லாக் (தொடர்புகளைக் குறித்துவைக்கும் ஏடு) எழுதும் முறை எல்லாம் வரும். அமெரிக்கத் தேர்வின் கேள்வித் தொகுப்பு முழுதும் வெளிப்படையாகக் கிடைக்கிறது. கோட்பாட்டுக்கு அதில் பழகிப் பாருங்கள், நல்ல பயிற்சி. ஆனால் அலைவரிசை எல்லைகளை அதிலிருந்து படிக்கவே கூடாது. அங்கே 40 மீட்டர் பட்டை 7.3 மெகாஹெர்ட்ஸ் வரை, நமக்கு 7.2 வரை, 2 மீட்டர் அங்கே 148 வரை, நமக்கு 146 வரை.

ரெஸ்டிரிக்டட் போதும் என்றால் தயங்காமல் அதையே எழுதுங்கள். மோர்ஸ் இல்லாமல் வந்தவர் அரை ஹாம் என்ற பேச்சில் எனக்குச் சம்மதமில்லை. நிலைமை மாறியதால் விதி மாறியது, அவ்வளவுதான். ஆனாலும் நேரம் இருக்கிறவர் மோர்ஸ் கற்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஹாம்கள் சிற்றலையில் பேசப் பயன்படுத்தும் ஒற்றைப் பக்கப்பட்டைக் குரலுக்கு சுமார் 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும், மோர்ஸுக்கு 150 ஹெர்ட்ஸ் போதும். அதே சக்தி குறுகிய இடத்தில் குவிவதால், குரல் இரைச்சலில் மூழ்கிப்போகும் இடத்திலும் 5 வாட் மோர்ஸ் கேட்கும். வீட்டில் தானே பற்றவைத்துச் செய்யக்கூடிய எளிய டிரான்ஸ்மிட்டரும் மோர்ஸ் டிரான்ஸ்மிட்டர்தான்.

விண்ணப்பிக்கும் முன் அரசின் தொலைத்தொடர்பு உரிமங்களுக்கான சரள் சஞ்சார் இணையதளத்தில் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், நிலைகளும் வேகமும் முன்பும் மாறியிருக்கின்றன. சென்னைப் பக்கத்தில் இருப்பவர்கள் பெருங்குடியில் உள்ள வானொலிக் கண்காணிப்பு நிலையத்தில் விசாரிக்கலாம். தேறியதும் கிடைப்பது சான்றிதழ் மட்டும். ஒலிபரப்ப உரிமம் தனி, அதற்கான சரிபார்ப்பு முடிய மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ரிசீவர் போல இணையத்தில் திறந்திருப்பவற்றில் 7 மெகாஹெர்ட்ஸின் தொடக்கப் பகுதியைப் போட்டு, வரும் கால்சைன்களை எழுதிப் பழகுங்கள்.